பில்டரில் இறங்கிய கிணறு

"வண்டி என்னத்தைக் குடிக்குதுன்னு பாக்காதே, என்னத்தைக் குடிக்காம ஒதுக்கி வெச்சிருக்குதுன்னு பாரு" என்று பெரியப்பா சொன்னதாகத்தான் ஈஸ்வரமூர்த்திக்கு ஞாபகம். அது அப்படித்தான் முடிந்ததா, இல்லை "ஒதுக்குனதை எங்க கொண்டு போயிக் கொட்டறேன்னு பாரு" என்று முடிந்ததா என்பது, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுத் திரும்பிய பிறகு நிச்சயமாகச் சொல்ல முடியாததாகிவிட்டது. பெரியப்பா அதைச் சொன்னதும் இவரிடம் அல்ல. ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், வெற்றிலையை மென்றபடி, யாருடைய லாரியையோ பற்றி வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் சேஸிஸ் ஒன்றை வாங்கி, அதன் மேல் கட்டிலும் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் ஓர் ஆள் நின்று குளிக்கும் அளவுக்கு ஓர் அறையும் வைத்துக் கட்டச் சொல்லி, அதிலேயே குடியிருந்துகொண்டு ஊர் ஊராகப் போவது என்று அவரும் மனைவி வளர்மதியும் திரும்பி வந்ததும் முடிவு செய்திருந்தார்கள். முதலில் போனது உடுமலைக்குத் தெற்கே, வளர்மதியின் தம்பி குமரவேலின் தென்னந்தோப்புக்கு. அங்கே கிணற்றடியில் வண்டியை நிறுத்தி, மச்சான் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்து, கிணற்றுத் தண்ணீரில் குளித்து, வேண்டிய மட்டும் தங்கிவிட்டு, வடக்கே போகலாம் என்று கிளம்பியவர்கள் திருச்செங்கோட்டைத் தாண்டுவதற்குள், டாஷ்போர்டில் நீர்த்துளி போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி இருமியது. பிறகு பட்டறைத் தெருவின் முனையில் நின்றுவிட்டது.

டீசல் பில்டர் மாற்றுவதில் ஈஸ்வரமூர்த்தி தவறியதே இல்லை. ஆள் அரவமில்லாத செம்மண் சாலைகளில் இப்படிப்பட்ட வீட்டு வண்டிகளை ஓட்டிப் பழகியவர். பில்டரைக் காலத்தில் மாற்றாதவனுக்கு அந்தச் சாலைகளில் என்ன நேரும் என்று இங்கிலீஷிலும் தமிழிலும் விளக்கக் கூடியவர். இந்தப் பில்டருக்கு மாற்றும் கெடு இன்னும் வராதபோது வண்டி ஏன் நின்றது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

பட்டறைக்காரர் சென்னியப்பன் வண்டியைச் சுற்றி வந்து, ஜன்னல் திரைச்சீலைகளைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஷூட்டிங்குங்களா?"

"இல்லீங்க. வீடு."

"செரி, வீட்டுக்கு என்னங்க கம்ப்ளெயின்ட்?"

தண்ணீர் விளக்கு எரிகிறது என்றதும், டீசலோடு கலந்து வரும் தண்ணீர் பில்டருக்கு அடியில் சேர்ந்து நிற்கும், அதைத் திறந்து விட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டே சென்னியப்பன் அடியில் படுத்து டிரெயின் நட்டைத் தளர்த்தினார். வழக்கமாக ஒரு கரண்டி வரும். அன்றைக்கு வந்தது நிற்கவில்லை. டீ டம்ளரை வைத்தார், நிறைந்தது. பெயின்ட் டப்பாவை வைத்தார், நிறைந்தது. வெட்டிய பேரல் ஒன்றை இழுத்து வந்து வைத்து, அதுவும் நிறைந்து வழிந்து, பட்டறைத் தரையின் கருப்பு எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வாசல்வரை ஓடியபோது, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"டீசல் வாசமே இல்லீங்க. குடிக்கிற தண்ணி."

ஈஸ்வரமூர்த்தி டீசல் டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே டீசல்தான் இருந்தது. குனிந்து பில்டரைப் பார்த்தார். மறுபடியும் டேங்கைப் பார்த்தார். பிறகு ஈரத்தரை என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டார். நட்டைத் திருகி மூடினால் வண்டிக்குள் பாத்திரத் தொட்டிக் குழாயில் கொட்டியது. அந்தக் குழாயை மூடினால் குளியலறையில் பொழிந்தது. அதையும் மூடினால் முன்கண்ணாடியைக் கழுவும் துவாரத்திலிருந்து பீய்ச்சி, எதிர்க்கடையில் இட்லி அவித்துக்கொண்டிருந்த ருக்குமணியின் அடுப்பை அணைத்தது. அதனால் நட்டைத் திறந்தே விட்டார்கள்.

அந்தத் தெரு ரிக் வண்டிக்காரர்களின் தெரு. போர்வெல் போடும் அந்த லாரிகளை ஓட்டிக்கொண்டு ராஜஸ்தான் மணலிலும் ஒடிசாக் காட்டிலும் ஆப்பிரிக்காவில் பேர் வாயில் நுழையாத ஊர்களிலும் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்கள், தங்கள் வீட்டு வாசலில் போட்ட போர்களில் பாறைத் தூளின் புகையை மட்டும் பார்த்து, துளையின் வாயைக் கல்லால் மூடி, அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு, லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெரு. ரிக் முதலாளி அத்தப்பன் செய்தி கேட்டு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, வண்டிக்கு அடியில் விழும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் கவனித்தார். டீசல் பில்டரில் எப்படித் தண்ணீர் வரும் என்று அவர் கேட்கவில்லை.

"எத்தனை இஞ்ச் இருக்கும்?" என்றார், போர்த் தண்ணீரை அளக்கும் கணக்கில்.

"கால் இஞ்ச் வருமுங்க" என்றார் சென்னியப்பன்.

"கால் இஞ்ச்சுக்குக் கொறையாது. தெருவுக்குப் போதும்."

அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை. ருக்குமணி முதல் குடத்தை வைத்தாள், அதன் பின்னால் வரிசை நின்றது. மறுநாள் வண்டிக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தது, அதற்கு மறுநாள் குழாய்க்கு நிழலாகக் கீற்றுப் பந்தல் வந்தது, பிறகு முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் பில்டருக்குச் சந்தனப் பொட்டும் வந்தன. தண்ணீர் பிடிக்க முறை வைத்தார்கள். முறைக்குச் சண்டை வந்தது. இந்தத் தண்ணீரில் பைக் கழுவலாமா என்று ஒரு சண்டை, கோயிலுக்கு அபிஷேகத்துக்குக் கொடுக்கலாமா, டீசல் பட்ட தண்ணீர் தீட்டா என்று ஒரு சண்டை, அதைப் பூசாரியே வந்து ஒரு சொம்பு குடித்துவிட்டு ஏப்பம் விட்டுத் தீர்த்து வைத்தார். பெண்கள் வெகுநாளைக்குப் பிறகு தலைக்கு ஊற்றிய அன்று தெரு முழுக்கச் சீயக்காய் வாசம் நின்றது. பக்கத்துத் தெருக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கேரவன்ல வருது, எங்களுக்கு ஆட்டோவுலயாச்சும் வரக்கூடாதா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஈஸ்வரமூர்த்தியை எல்லோரும் தண்ணிக்காரர் என்று கூப்பிட்டார்கள். காலையில் இட்லி வந்தது, மத்தியானம் யார் வீட்டிலிருந்தாவது சோறு வந்தது, அறிமுகமே இல்லாதவர்கள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரை எழுதிக் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் நாள் தரையில் உட்கார்ந்த திகைப்பு அவருக்கு முழுதாகத் தெளியவில்லை என்றாலும், தெருவே திகைக்காமல் இருக்கும்போது தான் மட்டும் திகைத்துக்கொண்டிருப்பது மரியாதைக் குறைவு என்பதுபோல, அவரும் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரித்துப் பேசப் பழகிக்கொண்டார். எப்போதாவது சென்னியப்பனிடம், "பில்டரை மாத்திட்டா வண்டி கெளம்பிரும் இல்லீங்களா?" என்று கேட்பார். "கெளம்பிரும். தண்ணியும் நின்னுரும்" என்பார் சென்னியப்பன். "நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்று சுற்றி நிற்கிறவர்கள் சொல்வார்கள், நாளைக்கும் அதையே சொல்வார்கள்.

வளர்மதி மட்டும் அந்தத் தண்ணீரை முதல் வாய் குடித்தபோதே டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. எங்கயோ குடிச்ச மாதிரி இருக்குது."

பிறகு ஒரு நாள் குழாயில் தண்ணீர் மெலிந்தது. வேறு தெருவாக இருந்தால் சாமி கும்பிட்டிருப்பார்கள், அல்லது பில்டரைக் கழுவிப் பார்த்திருப்பார்கள். இது ரிக் தெரு. போரில் தண்ணீர் குறைந்தால், கம்ப்ரஸரை வைத்து உள்ளே காற்றை அடித்து, அடைப்பைக் கிளப்பி, ஊற்றுக்கண்ணைத் திறந்துவிடுவார்கள். அதற்கு ஃப்ளஷ் பண்ணுவது என்று பெயர், இவர்கள் அதைச் செய்யாத தேசமில்லை. "ஃப்ளஷ் பண்ணிட்டாச் செரியாயிரும்" என்று அத்தப்பன் தன் கம்ப்ரஸர் லாரியையே கொண்டுவந்து நிறுத்தினார். கையளவு பில்டருக்குள், பாறையைப் பிளந்து எறியும் காற்றை விட்டார்கள். வீட்டு வண்டி குலுங்கியது, உள்ளே தட்டுகள் விழுந்து உடைந்தன, கட்டில் நகர்ந்து கதவில் முட்டியது. முதலில் செம்மண் குழம்பு வந்தது, பிறகு பாசி, பிறகு நத்தைக் கூடு, பிறகு கைநிறைய மஞ்சள் தென்னம்பூ, அதன் பின்னால் தெளிந்த தண்ணீர் புடைத்துக்கொண்டு வந்து பந்தல் காலைச் சாய்த்தது.

"ரெண்டு இஞ்ச்" என்று யாரோ கத்தினார்கள்.

"இன்னும் அரை இஞ்ச் கூட்டு" என்றார் அத்தப்பன். "தண்ணிக்காரரு காவேரிக்குச் சொந்தக்காரரு ஆவட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஈஸ்வரமூர்த்தியும் நனைந்த சட்டையோடு வாய்விட்டுச் சிரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, வளர்மதி தரையில் கிடந்த தென்னம்பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. குமரவேல். அவன் பேசுவது கம்ப்ரஸர் சத்தத்தில் கேட்காமல், வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஈஸ்வரமூர்த்தி பின்னாலேயே ஏறினார்.

"அக்கா, ரெண்டு வாரமாத் தண்ணி கீழ போயிக்கிட்டே இருந்துது, சொல்லல. வெயில் காலந்தானேன்னு இருந்துட்டேன். இன்னிக்கு மோட்டார் வெறும் காத்தைத்தான் இழுக்குது. இன்னும் கீழ எறக்கி வெக்கலாம்னு கெணத்துக்குள்ள எறங்குனேன்."

"கயிறு கட்டிக்கிட்டியா?"

"கட்டிக்கிட்டேன். அடிவரைக்கும் போனேன், அக்கா. நம்ம அப்பன் காலத்துல யாரும் கண்ணுல பாக்காத பாறையெல்லாம் காஞ்சு கெடக்குது. பாறைச் சந்துல இருந்து காத்து ஊதுது. மூஞ்சில அறையற மாதிரி. அப்பறம் அந்தச் சந்துக்குள்ள ஆளுங்க பேசற சத்தம் கேட்டுச்சு. இன்னும் அரை இஞ்ச் கூட்டுன்னு ஒருத்தர் சொன்னாரு."

வளர்மதி பொறுக்கி வந்த தென்னம்பூக்களைப் பாத்திரத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள்.

"அதுக்கப்பறம் மாமா சிரிச்சாரு" என்றான் குமரவேல். "மாமா சிரிக்கறது எனக்குத் தெரியாதாக்கா?"

ஈஸ்வரமூர்த்திக்குக் காதுக்குள் கம்ப்ரஸர் ஓடுவதுபோல இருந்தது. நகர்ந்து கிடந்த கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் சிரித்த சிரிப்பு, காய்ந்துபோன ஒரு கிணற்றின் அடியில், இடுப்பில் கயிறோடு நின்ற மச்சானின் முகத்தில் போய் விழுந்திருக்கிறது என்பதை, படித்த இரண்டு மொழிகளில் எதில் சொல்லிப் பார்த்தும் அவரால் முடிக்க முடியவில்லை. இறங்கிப் போய், கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லி, எல்லோரிடமும் சொன்னார்: இது என் மச்சான் தோட்டத்துக் கிணறு, அவன் தென்னைக்கு இருக்கிற ஒரே தண்ணீர் இது.

அவர்கள் பதறிப்போவார்கள் என்றுதான் அவர் காத்திருந்தார்.

"அப்பிடிங்களா" என்றார் அத்தப்பன். "மச்சான் கெணறுங்களா? நாங்க ஏதோ ஏரின்னு நெனச்சோம்."

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"பின்ன எங்கிருந்துங்க வரும்?" என்றாள் ருக்குமணி. குரலில் கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். "தண்ணின்னா எங்கயோ ஒரு எடத்துல இருந்துதான வரணும்? லாரித் தண்ணி மட்டும் லாரிக்காரன் வேர்வையா?"

"ஒரு போர் போட்டா பக்கத்துத் தோட்டத்துக் கெணறு வத்தும்" என்றார் அத்தப்பன். "பாத்துப் பாத்துப் பழகிட்டோமுங்க. இது கொஞ்சம் தூரத்துப் பக்கம், அவ்வளவுதான்."

பில்டரில் தண்ணீர் வந்த அன்றைக்குத் தரையில் உட்கார்ந்த ஈஸ்வரமூர்த்தி, இதைக் கேட்டு உட்காரக்கூட முடியாமல் நின்றார். வளர்மதி புது பில்டர் கேட்டுத் தெருவில் இருந்த உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கினாள். "ஸ்டாக் இல்லீங்கம்மா" என்று எல்லோரும் அன்பாகச் சொன்னார்கள், ஒருவர் மோர் கொடுத்தார், அவர் தலைக்குப் பின்னால் அலமாரியில் பில்டர் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவள் யாரிடமும் சொல்லாமல் ஈரோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

அவள் திரும்புவதற்குள் குமரவேல் ஈஸ்வரமூர்த்தியை நான்கைந்து தடவை போனில் கூப்பிட்டுவிட்டான். அவனும் திகைப்புத் தெளிந்திருந்தான்.

"மாமா, வண்டியை ட்ரெய்லர்ல ஏத்தி இங்க கொண்டாந்து கெணத்தடியில நிறுத்துங்க. அங்க குடுத்தது இங்க குடுக்காதா?"

சென்னியப்பன் பக்கத்தில் நின்று இதைக் கேட்டார். இத்தனை நாள் அந்தப் பில்டருக்கு அடியில் படுத்துக் கிடந்தவர் அவர்தான்.

"குடுக்குமுங்க. நிக்கிற எடத்துல குடுக்கும், அதுக்கு முந்தி நின்ன எடத்துல இருந்து எடுக்கும். அங்க போயி நின்னா இங்கிருந்து எடுக்கும்."

"இங்க கீழ என்ன இருக்குது எடுக்க?" என்றார் அத்தப்பன்.

"கீழ இல்லாட்டி மேல இருக்கறதை எடுக்கும்."

ருக்குமணி தன் கடை வாசலில் வரிசையாக நின்ற குடங்களைப் பார்த்தாள். "கொடத்துல இருக்கறதையா?"

"ஆமா."

"நாங்க குடிச்சதையுமா?"

சென்னியப்பன் கையிலிருந்த துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

முதல்முறையாகத் தெரு திகைத்து நின்றது, ஆனால் அதுவும் கொஞ்ச நேரந்தான். அத்தப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"வண்டியை ட்ரெய்லர்ல ஏத்தி, மேட்டூர் டேம் ஓரமாக் கொஞ்ச நாள் நிறுத்துவோம். மச்சான் கெணத்தடியில நின்னப்ப மாதிரி, தண்ணி இருக்கற எடத்துல அது குடுக்காது, எடுக்காது. அப்பறம் மச்சான் தோட்டத்துக்குப் போவட்டும், கெணறு ரொம்பட்டும். மறுபடி மேட்டூர், மறுபடி இங்க. ட்ரெய்லர் என்னுது. யாருக்கு என்ன நட்டம்?"

"மேட்டூர்னா செரிங்க மாமா" என்றான் போனில் குமரவேல். "அது பொதுத் தண்ணி."

"அங்கிருந்து கீழ எத்தனை ஊர் குடிக்குது" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"குடிக்கட்டுமுங்க. அந்த ஊருல எதுலயும் உங்களுக்கு மச்சான் இல்லையில்ல?" என்றார் அத்தப்பன். "கெணத்துக்குள்ள நின்னுக்கிட்டு உங்க சிரிப்பை யாரு அடையாளம் கண்டுபிடிக்கப் போறாங்க?"

தெரு சிரித்தது. குமரவேலும் சிரித்தான், போனிலும் கேட்டது. அன்றைக்கு மிச்சமிருந்த பொழுதெல்லாம் ஈஸ்வரமூர்த்தி மேட்டூரில் எந்தக் கரையில் நிறுத்தினால் நிழல் இருக்கும், வண்டி சாயாமல் நிற்கத் தரை எங்கே கெட்டியாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தபோது, அதுவரை நடந்த எதுவும் அவரை அவ்வளவு திகைக்க வைத்ததில்லை என்று தோன்றியது.

வளர்மதி மறுநாள் காலையில் மஞ்சள் பையோடு வந்து இறங்கினாள். அத்தப்பனின் ட்ரெய்லர் அதற்குள் தெரு முனையில் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, ருக்குமணி வழியிலிருந்த குடங்களை ஓரம் நகர்த்தி இடம் செய்துகொண்டிருந்தாள். வளர்மதி மேட்டூர் ஏற்பாட்டை முழுக்கக் கேட்டாள். பையிலிருந்து புது பில்டரை எடுத்துக் கணவர் முன்னால் வைத்தாள்.

"இதை மாத்துனா?" என்று சென்னியப்பனைக் கேட்டாள்.

"வண்டி கெளம்பிரும். இங்கயும் நின்னுரும். உங்க தம்பி கெணத்துக்கும் திரும்பாது. போனது போனதுதானுங்க."

குமரவேலின் தென்னைகள் இந்த வெயிலைத் தாண்டாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வளர்மதி கணவரைப் பார்த்தாள்.

"என்ற தம்பின்னு பாக்க வேண்டாம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பாக்காமயும் இருக்க வேண்டாம்" என்றாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ட்ரெய்லர் வந்து வண்டியின் முன்னால் பலகையை இறக்கியது. யாரோ சங்கிலியை இழுத்து வந்தார்கள். ருக்குமணி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, "கொண்டு போயிச் சீக்கிரம் கொண்டு வந்துருங்க, தண்ணிக்காரரே" என்றாள்.

ஈஸ்வரமூர்த்தி சென்னியப்பனிடம் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, பழைய பில்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்.